விண்டர்கிரீனை இன்றே நிறுத்து

கோயம்புத்தூர்
ஞாயிறு மாலை

அன்புள்ள சரோஜா,

உன் கடிதமும் நீ ஊட்டியில் வாங்கிய வாசனைத் தைல பாட்டில்களின் போட்டோவும் கிடைத்தன. இங்கே எல்லோரும் சுகம். வசந்தா மகளுக்கு நிச்சயம் முடிந்தது, பத்திரிகை உனக்கும் வரும். பெரியவர் வழக்கம்போல. போனில் சொன்னால் "சரிடி, சரிடி" என்று பாதியிலேயே வைத்துவிடுவாய் என்பதால்தான் எழுதுகிறேன். அண்ணனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படி.

அண்ணன் முட்டியில் தினம் இரண்டு வேளை விண்டர்கிரீன் எண்ணெய் தேய்க்கிறேன், நன்றாகக் கேட்கிறது என்று எழுதியிருக்கிறாய். கேட்காமல் என்ன செய்யும்? அது நிஜமான வலி மருந்து. என் பயமே அதுதான். இருதய வால்வு மாற்றியதிலிருந்து அவர் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார் என்பதை மறந்துவிட்டாயா? இந்த வரியைப் படித்ததும் எழுந்துபோய் அந்தப் பாட்டிலை எட்டாத அலமாரியில் வைத்துவிட்டு வா. மீதியை அப்புறம் படிக்கலாம்.

வந்துவிட்டாயா? கேள். விண்டர்கிரீன் எண்ணெயில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு பங்கு மெத்தில் சாலிசிலேட். ஆஸ்பிரினுக்கு நெருங்கிய உறவு. ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி, ஏறக்குறைய 7 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமம். இருதயக்காரர்களுக்கு எழுதிக்கொடுக்கும் 75 மில்லிகிராம் மாத்திரையில் கணக்குப் போட்டால் தொண்ணூறு மாத்திரைக்கு மேல் வரும். தேய்ப்பது முழுவதும் உள்ளே போகாதுதான். ஆனால் இது தோலைத் தாண்டி ரத்தத்தில் சேருகிற சரக்கு. தேய்த்த பிறகு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் இன்னும் வேகமாகச் சேரும், நீ அதையும் செய்கிறாய். ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்ளும் மாத்திரையின் மேல் இதுவும் சேர்ந்தால் ஐ.என்.ஆர்., அதாவது ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண், ஏறும். களிம்பாகத் தடவியே ஏறி, ரத்தக்கசிவு வரை போனவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் நிறைய வந்திருக்கிறது.

இதில் இன்னொரு சிக்கல். தேய்த்துக்கொண்டிருந்த நாட்களில் டாக்டர் ஐ.என்.ஆர். பார்த்து மாத்திரை அளவைக் கூட்டிக் குறைத்திருந்தால், அந்த அளவு எண்ணெயையும் சேர்த்து அமைந்த அளவு. இப்போது நிறுத்தினால் எண் மறுபக்கம் இறங்கலாம். வால்வு வைத்தவருக்கு இறங்குவதும் ஆபத்துதான், வால்வில் ரத்தம் கட்டிக்கொள்ளும். ஆகவே எண்ணெயை நிறுத்து, மாத்திரையில் கை வைக்காதே, நாளைக்கே டாக்டருக்குப் போன் போட்டு "இத்தனை நாள் விண்டர்கிரீன் தேய்த்தோம், நிறுத்திவிட்டோம்" என்று சொல்லி எப்போது ரத்தம் பரிசோதிக்கலாம் என்று கேள். "எண்ணெய்தானே, இதையெல்லாமா டாக்டரிடம் சொல்வது" என்று அண்ணன் வெட்கப்படுவார். நீயே பேசிவிடு. பல் விளக்கும்போது ரத்தம், காரணமில்லாமல் தோல் நீலமாகக் கன்றுவது, கறுத்த மலம், வழக்கத்துக்கு மாறான தலைவலி, இதில் எது இருந்தாலும் போன் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி.

விண்டர்கிரீனை எடுத்துவைத்துவிட்டு, கடையில் விற்கும் வலித் தைலத்தைத் தேய்த்தால் வித்தியாசம் ஒன்றும் இல்லை. அட்டையைத் திருப்பிப் படி. மெத்தில் சாலிசிலேட் என்று இருக்கும், ஆயுர்வேத லேபிளாக இருந்தால் கந்தபுரா என்று இருக்கும். இரண்டும் ஒன்றே. முட்டிக்கு வெறும் நல்லெண்ணெயை வெதுவெதுப்பாக்கித் தேய், பாதி சுகம் தேய்ப்பதில்தான் இருக்கிறது. வேறு களிம்பு எதுவானாலும் அந்த டாக்டரைக் கேட்டுக்கொண்டு.

இனி உன் மற்ற சோதனைகளுக்கு வருகிறேன். "இயற்கைதானேடி, நம் பாரம்பரியம்தானே" என்று எழுதியிருக்கிறாயே, அரளி விதையும் இயற்கைதான். பாரம்பரியமா? நீலகிரித் தைலம் வடிக்கிற மரமே 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் விறகுக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்டது! உன் பாட்டி தலைக்குத் தேய்த்தது மூலிகையை நல்லெண்ணெயில் போட்டுக் காய்ச்சியது. அதில் வாசனைச் சத்து கொஞ்சம், எண்ணெய் மிச்சம். ஊட்டி பாட்டிலில் இருப்பது மூட்டை மூட்டையாக இலையை ஆவியில் வடித்து எடுத்த சத்து மட்டும். அதை அப்படியே தோலில் ஊற்றக் கூடாது. எந்த எண்ணெயானாலும் சரி.

கலக்குவது எப்படி என்று கேட்டாய். ஹாஸ்டலில் நீ "கண் அளவு" என்று போட்ட உப்பை நாங்கள் மூன்று வருஷம் தின்றோம், இங்கே அது நடக்காது. சொட்டுக் கணக்கையும் நம்பாதே. ஊட்டி பாட்டிலில் சொட்டு மூடியே கிடையாது, இருந்தாலும் எண்ணெய்க்கு எண்ணெய் சொட்டின் பருமன் மாறும். மருந்துக் கடையில் 2 மில்லி சிரிஞ்சு வாங்கு, ஊசி வேண்டாம். 100 மில்லி நல்லெண்ணெய் அல்லது தேங்காய் எண்ணெய்க்கு 1 மில்லி போட்டால் ஒரு சதவீதம். உடம்புக்குப் பெரியவர்களுக்கு அதிகபட்சம் இரண்டு சதவீதம், அதாவது 2 மில்லி. முகத்துக்கு அரை மில்லி. முதலில் 50 மில்லி மட்டும் கலக்கு, எல்லாவற்றையும் பாதியாக்கிக்கொள். சிரிஞ்சின் ரப்பர் இந்த எண்ணெயில் ஊறி உப்பிவிடும், அளந்ததும் சோப்புத் தண்ணீரில் கழுவி வை. கடுகு எண்ணெயில் கலக்காதே, அதுவே எரிக்கும்.

இந்த இரண்டு சதவீதம் எல்லாவற்றுக்கும் பொருந்தாது, அங்கேதான் பலபேர் மாட்டிக்கொள்கிறார்கள். உன்னிடம் இருக்கும் கிராம்பு எண்ணெயில் பெரும்பங்கு யூஜினால் என்ற காரச் சத்து. தோலுக்கு அரை சதவீதத்தைத் தாண்டாதே. பல்வலிக்குப் பஞ்சில் நனைத்து நேராக ஈறில் வைத்தால் வலி மரத்துப்போகும், ஈறும் வெந்துபோகும். எலுமிச்சைப்புல் எண்ணெயில் முக்கால் பங்கு சிட்ரால் என்ற வாசனைச் சத்து, அதற்கும் 100 மில்லிக்கு அரை மில்லிதான். லவங்கப்பட்டை எண்ணெயை மட்டும் தோல் பக்கமே கொண்டுபோகாதே. பாதுகாப்பான அளவு ஒரு சதவீதத்தில் பத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு, வீட்டில் அதை அளக்க முடியாது.

கோளாறு இரண்டு விதமாக வரும். தடவிய சில நிமிஷத்திலோ சில மணி நேரத்திலோ தடவிய இடத்தில் மட்டும் எரிந்து சிவந்தால், அது காரம் அதிகமானதால். கழுவினால், அளவைக் குறைத்தால் தீரும். ஒவ்வாமை வேறு. முதல் சில வாரம் ஒன்றும் செய்யாது. உடம்பு அந்தச் சத்தை எதிரியாக எழுதி வைத்துக்கொள்கிறது. பிறகு ஒருநாள், தடவி ஒன்றிரண்டு நாள் கழித்து அரிப்பும் கொப்புளமும், தடவாத இடத்துக்கும் பரவும். அப்புறம் அது பெரும்பாலும் வாழ்நாள் பகை. அதே சத்து இருக்கிற சோப்பு, சென்ட், தலை எண்ணெய் எதுவும் ஆகாது. "இத்தனை நாள் போட்டேனே, ஒன்றும் ஆகவில்லையே" என்ற உன் வாதம் நிற்காமல் போவது இதனால்தான்.

எனவே எதையும் போடும் முன் சோதனை. கலந்த எண்ணெயை முழங்கையின் உள்பக்கம் ஒரு ரூபாய் அளவு இடத்தில் காலையும் மாலையும் தடவு, ஒரு வாரம், அதே இடத்தில். ஒரே ஒரு தடவை தடவி அரைமணி நேரம் பார்த்துவிட்டு "எனக்கு ஒத்துக்கொள்கிறது" என்பது சோதனையே இல்லை. அரிப்போ சிவப்போ வந்தால் அதோடு நிறுத்து. எரிந்தால் வெறும் தண்ணீரைக் கொட்டாதே, எண்ணெய் தண்ணீரில் கரையாது. பஞ்சில் சமையல் எண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டு, பிறகு மென்மையான சோப்புப் போட்டுக் கழுவு. கண்ணில் பட்டால் மட்டும் உடனே ஓடுகிற தண்ணீர்தான், பதினைந்து நிமிஷம், அப்புறம் கண் டாக்டர். மஞ்சள், பற்பசை என்று மேலே எதையும் அப்பாதே.

குளிக்கிற வாளியில் நாலு சொட்டு விடுகிறாயாமே. அது மேலே படலமாக மிதந்து, நீ மொள்ளும் முதல் சொம்பிலேயே மொத்தமாக உன் மேல் விழும். அக்குளிலும் தொடை இடுக்கிலும் எரிகிறது என்று நீ எழுதியதற்குக் காரணம் வெயில் இல்லை, அதுதான். வாசனை வேண்டுமானால் மேலே சொன்ன அளவில் எண்ணெயில் கலந்து குளித்த பின் தடவிக்கொள்.

முகத்துக் கரும்புள்ளிக்கு எலுமிச்சைத் தோல் எண்ணெய் போடலாமா? போடாதே! திருச்சி வெயிலில் இதைவிட மோசமான யோசனை கிடையாது. பிழிந்து எடுத்த எலுமிச்சை எண்ணெயிலும் பர்கமாட் என்ற ஆரஞ்சு வகைப் பழத்தின் எண்ணெயிலும் வெயில் பட்டதும் தோலைப் பொசுக்குகிற ஒரு சத்து இருக்கிறது. தடவி அடுத்த பன்னிரண்டு மணி நேரத்துக்குள் வெயிலில் போனால் வெந்து, பழைய புள்ளி போய்ப் புதிய பட்டை வரும், மாதக்கணக்கில் மறையாது. எலுமிச்சம்பழச் சாறே இதைச் செய்யும். ஆவியில் வடித்த எலுமிச்சை எண்ணெயில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் பாட்டிலில் எப்படி எடுத்தது என்று போட்டிருக்க மாட்டான்.

மீனாவின் பருவுக்கு டீ ட்ரீ, அந்த ஆஸ்திரேலிய மரத்து இலை எண்ணெய், கேட்டாய். அதற்கு ஓரளவு ஆதாரம் உண்டு. 1990இல் ஆஸ்திரேலியாவில் 124 பேரிடம் ஐந்து சதவீத டீ ட்ரீ ஜெல்லையும் பருவுக்கு வழக்கமாகக் கொடுக்கும் பென்சாயில் பெராக்சைடையும் ஒப்பிட்டார்கள். இரண்டும் பருவைக் குறைத்தன, டீ ட்ரீ மெதுவாக, ஆனால் எரிச்சல் குறைவாக. அது அளந்து செய்த ஜெல். அதையே கடையில் வாங்கட்டும், நீ சமையலறையில் தயாரிக்காதே. பழைய பாட்டிலை ஒருபோதும் தொட வேண்டாம். காற்றுப் பட்டுப் பழசான டீ ட்ரீயும் லாவெண்டரும்தான் ஒவ்வாமையை அதிகம் கிளப்பும்.

இப்போது பேத்தி விஷயம். இதில் கேலி இல்லை, சரோஜா. எட்டு மாதக் குழந்தைக்குச் சளி பிடித்தால் சூடம் போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெயை நெஞ்சில் தடவுவது நம் எல்லா வீட்டிலும் நடந்ததுதான். நீ செய்யாதே. கற்பூரம் தோல் வழியாகவும் போகும், குழந்தை கையை வாயில் வைத்தால் வாய் வழியாகவும் போகும், வலிப்பைக் கொண்டுவரும். சின்னக் குழந்தை விழுங்கினால் ஒரு கிராம்கூட உயிருக்கு ஆபத்து. நீலகிரித் தைலமும் புதினா எண்ணெயும் மூக்கருகே பட்டால் குழந்தைக்கு மூச்சே தடைபடலாம். பத்து வயதுக்குக் கீழே முகத்தருகே வேண்டவே வேண்டாம், கைக்குழந்தைக்கு உடம்பில் எங்கேயும் வேண்டாம். தலையணையில் தெளிப்பதும் கைக்குட்டையில் கட்டுவதும் இதில் சேர்த்தி. மூக்கடைத்தால் மருந்துக் கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு, பால் கொடுப்பதற்கு முன். எண்ணெயை விழுங்கிவிட்டாலோ, வாந்தி எடுக்க வைக்காதே. பாட்டிலையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடு. அவள் தவழ ஆரம்பித்துவிட்டாள் என்கிறாய், பாட்டில்கள் டீப்பாயில் இருப்பது போட்டோவிலேயே தெரிகிறது.

ராஜுவுக்கும் ஒரு செட் கொடுக்கப் போகிறாயாம். பழைய வலிப்பு உள்ளவனுக்கா? நீலகிரித் தைலமும் கற்பூரமும் பெரியவர்களுக்கும் வலிப்பைக் கிளப்புவதை பெங்களூரு நரம்பியல் டாக்டர்களே ஆய்வு செய்து எழுதியிருக்கிறார்கள். தடவியவர்கள், முகர்ந்தவர்கள் எல்லாம் அதில் உண்டு. அவனுக்கு ஊட்டி வர்க்கி வாங்கிக் கொடு, போதும்.

அவசரமாக இரண்டு விஷயம். தடவிய இடத்தைத் துணியால் இறுகக் கட்டுவதோ, ஹாட் பேக் வைப்பதோ கூடாது. புதினாவின் குளிர்ச்சிச் சத்தான மென்தாலும் மெத்தில் சாலிசிலேட்டும் உள்ள வலிக் களிம்புகளால் தோல் வெந்த கேஸ்களைப் பார்த்து அமெரிக்க மருந்துத் துறை 2012இல் எச்சரிக்கையே விட்டது. அடுத்தது, பாட்டிலை அடுப்புப் பக்கம் வைக்காதே, சட்டென்று பற்றும். நிறக் கண்ணாடி பாட்டில், இறுக்கிய மூடி, திறந்த தேதியை ஒட்டி, இருட்டான அலமாரி. எலுமிச்சையும் டீ ட்ரீயும் திறந்து ஒரு வருஷம் ஆனதும் கொட்டிவிடு.

ஐ.என்.ஆர். எவ்வளவு என்று வந்ததும் அந்த அளவை மட்டுமாவது வாட்ஸ்அப்பில் அனுப்பு. பாட்டுக் கச்சேரி வீடியோ அப்புறம் அனுப்பலாம்.

அன்புடன்,
மங்கை

பி.கு.: கலப்படமா என்று கேட்டிருந்தாய். வெள்ளைக் காகிதத்தில் ஒரு துளி விட்டு ஒருநாள் வை. எண்ணெய்க் கறை நின்றால் ஏதோ சமையல் எண்ணெய் கலந்திருக்கலாம். கறை இல்லை என்பதால் சுத்தம் என்று ஆகாது, டர்பென்டைன் கலந்தாலும் அப்படியேதான் பறந்துவிடும். அதை லேபில்தான் கண்டுபிடிக்க முடியும்.