கூர்மதி வேறு, நிதானம் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மதிப்பெண்ணில் முதலிடம் பெறும் பிள்ளை வாழ்க்கையிலும் தவறான முடிவெடுக்காது என்று பெற்றோர் பலர் நம்புகின்றனர். முப்பது ஆண்டுகள் கணிதம் கற்பித்த எனக்கு அதில் உடன்பாடில்லை. என்னிடம் பயின்றவர்களிலேயே மிகக் கூர்மையான மாணவர் ஒருவர், மாதம் பத்து விழுக்காடு வட்டி தருவதாகச் சொன்ன நிதி நிறுவனமொன்றில், தம் தந்தையின் ஓய்வூதியப் பலன் முழுவதையும் கட்டி இழந்தார். அவருக்குக் கூட்டு வட்டி கற்பித்தவன் நான் என்பதால் அந்த வேதனை இன்றும் ஆறவில்லை. ஐசக் நியூட்டனும் 1720இல் இங்கிலாந்தின் தென்கடல் நிறுவனம் என்னும் வணிக நிறுவனத்தின் பங்குகளை முதலில் லாபத்துக்கு விற்றுவிட்டு, விலை மேலும் ஏறுவதைக் கண்டு மீண்டும் வாங்கிப் பெருந்தொகையை இழந்தவரே.

அறிவு மிகுந்தவர், தாம் ஏற்கெனவே விரும்பிய முடிவுக்குச் சாதகமான காரணங்களைப் பிறரைவிடத் திறமையாகத் திரட்டிவிடுகிறார் என்பதே என் கணிப்பு. உளவியலாளர் பீட்டர் வேசன் 1960இல் வெளியிட்ட ஆய்வில், 2, 4, 6 என்னும் எண்களுக்குரிய விதியைத் தேடிய பல்கலைக்கழக மாணவர்களில் பெரும்பாலோர் தம் ஊகத்துக்குப் பொருந்தும் எண்களையே சொல்லிப் பார்த்தனர்; அதைப் பொய்யாக்கக்கூடிய எண்களைச் சொல்லிப் பார்க்கவில்லை. இப்படித் தம் ஊகத்தைத் தாமே பொய்யாக்கிப் பார்க்கும் பயிற்சியைக் கடலூர் மாவட்டப் பள்ளிகளில் எட்டாம் வகுப்பிலேயே தொடங்க வேண்டும்.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.