கவியரங்கம் நடத்தும் தமிழ் மன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்

மன்றத்தாருக்கு வணக்கம்.

‘ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்?’ என்ற தலைப்பை இனிமேல் கவியரங்கத்துக்குக் கொடுக்காதீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். ராஜராஜ சோழனின் அண்ணனான அந்தச் சோழ இளவரசனைத்தான் சொல்கிறேன். அந்தக் கொலையைப் பாட வேண்டாம் என்று சொல்லவில்லை, தாராளமாகப் பாடட்டும். ஆனால் தலைப்பு அப்படி இருந்தால் மேடையேறும் எல்லோரும் நீதிபதி ஆகிவிடுகிறார்கள். ஒருவர் பின்னால் அரியணை ஏறிய உத்தம சோழனைக் கூண்டில் ஏற்றுகிறார், அடுத்தவர் ஆதித்தனின் தங்கை குந்தவையை. எதுகை மோனையோடு தீர்ப்பு, கைதட்டல், அப்புறம் சாப்பாடு.

கொலைக்குப் பின்னால் உத்தம சோழன் இருந்திருப்பான் என்று வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி சந்தேகப்பட்டார். இன்னொரு வரலாற்றாசிரியர் சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். அவர்களாலேயே முடியாத வழக்கைப் பதினாறு வரியில் முடிக்க என்ன அவசரம்?

காட்டுமன்னார்கோயில் அருகே உடையார்குடி அனந்தீஸ்வரர் கோயிலில் ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனை, அதாவது நம் ஆதித்தனை, கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகியோரின் பெயரைச் சொல்கிறது. ஏன் கொன்றார்கள், எங்கே, எதைக்கொண்டு என்று ஒரு சொல்கூட இல்லை. யார் யார் சொத்து பறிபோகிறது என்பதில் மட்டும் கல்வெட்டுக்குக் கஞ்சத்தனமே கிடையாது. பிள்ளைகள், பெண் கொடுத்த மாமனார்கள், தாயோடு பிறந்த மாமன்மார், உடன்பிறந்தவளைக் கட்டியவர்கள், மகளைக் கட்டியவர்கள் என்று நீண்டுகொண்டே போகிறது.

அந்த மகளைக் கட்டியவன் என்ன செய்தான்? கொலை நடந்தபோது அவனுக்குக் கல்யாணமே ஆகாமல் இருந்திருக்கலாம். நிலம் போன அன்று அந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் என்ன பேசிக்கொண்டார்கள்? இதைப் பாட ஒருவரும் வரக்காணோம். பறித்த நிலத்தில் ஒரு பகுதியை ஒருவர் விலைக்கு வாங்கி, கோயிலில் தண்ணீர் வார்க்கவும் சாப்பாடு போடவும் எழுதிவைத்திருக்கிறார். அந்தத் தண்ணீரைக் குடித்தவன் பாடினால் எப்படி இருக்கும்!

இன்னொன்று. ஆதித்தனின் தம்பி மகன் ராஜேந்திரன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடு, ஆதித்தன் தேவலோகம் காணும் ஆசையில் போய்விட்டான் என்கிறது. கொலை என்ற பேச்சே இல்லை. கல்லில் துரோகிகள், செம்பில் சொர்க்க ஆசை. பெரியப்பன் சாவை அப்படி எழுதச் சொன்னது யாராக இருந்தாலும், எழுதிய புலவனுக்கு உண்மை தெரியாமலா இருந்திருக்கும்? கவிஞனுக்கு வேலை அங்கேதான் இருக்கிறது என்பது என் கட்சி.

ஆகவே, அழைப்பிதழோடு கல்வெட்டு வாசகத்தையும் அச்சடித்து அனுப்புங்கள். தலைப்பு ‘மகளைக் கட்டியவன்’ என்றோ ‘செப்பேட்டுப் புலவன்’ என்றோ இருக்கட்டும். மேடையில் யாராவது கொலையாளியை அறிவித்தால் நடுவர் மணி அடித்துவிடலாம். முடிந்தால் அரங்கத்தையே ஒருமுறை காட்டுமன்னார்கோயிலில் வையுங்கள். சிதம்பரத்திலிருந்து பஸ் இருக்கிறது.

இப்படிக்கு,
கடைசி வரிசையில் உட்காரும் ஒரு வாசகன்