விழா நடத்துகிறவர்களுக்கு ஒரு கூத்துக்காரனின் மடல்

அரசு விழாவுக்கும் கல்லூரி விழாவுக்கும் எங்களை அழைக்கிற அதிகாரிகளுக்கும் ஏற்பாட்டாளர்களுக்கும் வணக்கம்.

செய்யாறு பக்கம் மகாபாரதக் கதையைத் தெருக்கூத்தாக ஆடுகிறவன் நான். போன மாத விழாவில் நடந்தது உங்களில் சிலருக்குத் தெரியும், இடத்தைச் சொல்லி யாரையும் சங்கடப்படுத்த வரவில்லை. எங்களுக்குக் கூத்துக் கற்றுக்கொடுத்து முன்நின்று ஆடுகிற வாத்தியாருக்கு அறுபது தாண்டிவிட்டது. கர்ணன் வேஷம் கட்டி வந்தவரை வாசலில் நிறுத்தி, வருகிறவர்களைக் கும்பிடச் சொன்னீர்கள். சிறப்பு விருந்தினர் வரத் தாமதம். தலையில் கிரீடம், தோளில் புஜக்கட்டை, மார்பில் பதக்கம், காலில் சலங்கை, இத்தனையையும் சுமந்துகொண்டு மனுஷன் வெயிலிலேயே நின்றார். உட்கார்ந்தால் கட்டு தளர்ந்துவிடும். அரிதாரம் வேர்வையோடு கண்ணில் இறங்குகிறது, துடைத்தால் எழுதிய முகம் கலைந்துவிடும், அதனால் துடைக்கவும் இல்லை. அந்த முகத்தை அவர் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு விடியற்காலையிலிருந்து தானே எழுதியிருந்தார்.

தயவுசெய்து எங்களை வாசலில் நிறுத்தாதீர்கள்.

அப்புறம் மேடையில் பத்து நிமிடம் கொடுத்தீர்கள். அதிலும் ஒருவர் வந்து, "திரையெல்லாம் வேண்டாம், நேரா வந்து ஆடிட்டுப் போயிடுங்க" என்றார். இரண்டு பேர் பிடித்திருக்கும் அந்தத் துணிக்குப் பின்னால் நின்றுதான் வேஷக்காரர் விருத்தம் பாடுவார். சனங்களுக்கு மேலே கிரீடமும் கீழே சலங்கைக் காலும்தான் தெரியும். முகவீணை என்கிற ஊதுகுழல் கூடவே ஏறும், மத்தளம் காத்திருக்கும், கதையை நடத்திப்போகிற கோமாளியான கட்டியங்காரன் யார் வருகிறார் என்று கேட்பான். திரை விலகும்போது அங்கே நிற்கிறவர் கர்ணன். அதை எடுத்துவிட்டால் சாயம் பூசிய ஒரு ஆள்தான் மிச்சம். வாத்தியார் சிறு வயதில் பெண் வேஷம் கட்டத் தொடங்கி, இரவு இரவாகக் கேட்டுக் கேட்டே பாட்டையெல்லாம் மனசில் ஏற்றியவர். கல்யாண முருங்கை மரத்தில் கட்டை செதுக்கி, கண்ணாடித் துண்டு பதித்துத் தன் கிரீடத்தைத் தானே செய்துகொள்வார். அவரிடம் போய்த் திரை வேண்டாம் என்று எப்படிச் சொல்ல மனம் வந்தது?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு மேடையிலும் 'அழிந்துவரும் கலை' என்று எங்களை அறிமுகப்படுத்துகிறீர்கள். பங்குனி, சித்திரையில் திரௌபதி அம்மன் கோயில் பக்கம் வந்து பாருங்கள். பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி முழுக்கக் கூத்து, அர்ச்சுனன் தபசு மரம் ஏறும்போது கீழே நிற்க இடம் இருக்காது, துரியோதனன் விழுகிற படுகளத்தன்று சுற்றுவட்டாரமே திரண்டு நிற்கும். எங்கள் பக்கத்துப் புரிசைக் கிராமத்தில் தலைமுறையாகக் கூத்தாடுகிற தம்பிரான் குடும்பத்துக்குச் சங்கீத நாடக அகாடமி விருது கொடுத்தது இந்த நாடு. 1977-இல் கூத்துப்பட்டறை என்கிற நாடகக் குழுவைத் தொடங்கிய ந. முத்துசாமி, புரிசைக் கூத்தைப் பார்த்து அதில் தமிழ் நாடகத்துக்கு ஒரு வழியைக் கண்டவர். இத்தனைக்கும் பிறகு அதே கூத்தை வாசல் தோரணத்துக்குப் பக்கத்தில் நிறுத்துகிறீர்கள், பேசின பணத்துக்கும் மாதக்கணக்கில் அலையவிடுகிறீர்கள். கோபம் வராமல் என்ன செய்யும்?

சரி, கேட்க வந்ததைப் பணிவாகவே கேட்கிறேன். அடுத்த விழாவுக்கு அழைப்பதாக இருந்தால், எந்தக் கதை, எவ்வளவு நேரம் என்று முதலில் வாத்தியாரிடம் உட்கார்ந்து பேசுங்கள். விடிய விடிய வேண்டாம், மூன்று மணி நேரம் கொடுங்கள். வேஷம் கட்ட நிழலில் ஓர் அறையும், மேடையில் திரை பிடிக்க இடமும் போதும். வாசலில் நிற்கத்தான் ஆள் தேவை என்றால் எங்களை அழைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு கூத்துக்காரன்