நம் சபை நூலகத்தை மறுபடி திறக்க உதவுங்கள்

கிறிஸ்துவுக்குள் அன்பான சபையாருக்கும், வெளியூர்களில் வேலை பார்க்கும் நம் ஊர் அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் நூலகக் குழுவின் ஸ்தோத்திரம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெய்த மழையை யாருக்கும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டியது. தாமிரபரணி வெள்ளமும் குளங்கள் உடைந்த தண்ணீரும் சேர்ந்து நம் தெருக்களுக்குள் வந்தபோது, ஆலயத்தை ஒட்டியிருக்கும் நூலக அறைக்குள்ளும் முழங்காலுக்கு மேல் தண்ணீர் நின்றது. எல்லா அலமாரிகளிலும் கீழ் இரண்டு தட்டுகள் முழுவதும் மூழ்கிவிட்டன. முதலில் வீடுகளையும் ஆடுமாடுகளையும் பார்க்க வேண்டியிருந்தது. அறையைத் திறந்து பார்ப்பதற்குள் சில நாட்கள் போய்விட்டன.

வாலிபர் ஐக்கியத்துப் பிள்ளைகளும் பெண்கள் ஐக்கியத்து அம்மாமாரும் புத்தகங்களைச் சுமந்து பள்ளிக்கூட மாடிக்குக் கொண்டுபோனோம். சாதாரணத் தாளில் அச்சானவற்றைப் பக்கங்களுக்கு இடையே நியூஸ்பேப்பர் வைத்து, ஈரமான பேப்பரை எடுத்துவிட்டு வேறு வைத்து, ஃபேன் காற்றில் உலர்த்தியதில் ஏராளமான புத்தகங்கள் பிழைத்தன. வழவழப்பான தாளில் அச்சானவைதான் போய்விட்டன. அந்தத் தாளின் மேல்பூச்சு தண்ணீர் பட்டால் பசையாகிவிடும். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளின் வண்ணப்பட வேதக்கதைகள், அட்லஸ், பறவைகள் புத்தகம் எல்லாம் காய்ந்த பிறகு பக்கம் பிரிக்க முடியாமல் செங்கல் மாதிரி இறுகிவிட்டன. பிள்ளைகள் எட்டி எடுக்க வசதியாக இருக்கட்டும் என்று அவர்களுடைய புத்தகங்களைக் கீழ்த்தட்டில் வைத்திருந்தோம். அதனால் அதிக நஷ்டம் அவர்களுக்குத்தான்.

பிழைத்த புத்தகங்கள் அன்றிலிருந்து சாக்கிலும் அட்டைப்பெட்டியிலும் கிடக்கின்றன. வசம்பும் வேப்பிலையும் போட்டு வைத்திருக்கிறோம். ஆனாலும் ராமபாணப் பூச்சி துளைக்கத் தொடங்கிவிட்டது. பைண்டிங் விட்ட புத்தகங்களைக் கையில் எடுத்தாலே பக்கம் உதிர்கிறது. இன்னும் ஒரு மழைக்காலத்தை இவை தாங்காது என்பதால்தான் இந்த வேண்டுகோள்.

இதை எழுதும் பொறுப்பைக் குழுவினர் என்னிடம் கொடுத்தார்கள். நான் கல்லூரியில் வரலாறு படிக்கும் மாணவி. பள்ளிக்கூட நாட்களில் சாயங்காலம் போய் உட்கார்ந்து படிக்க எனக்கு இருந்த ஒரே அமைதியான இடம் அந்த அறை. அங்கே படித்த புத்தகங்கள் என் விசுவாசத்துக்கு என்ன செய்தன என்பதை மனதில் பட்டபடி எழுதச் சொன்னார்கள்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. குழுக் கூட்டத்தில் பெரியவர் ஒருவர் ஒரு கேள்வி கேட்டார். "ஆலய வளாகத்தில் வேதமும் பாமாலையும் வியாக்கியானமும் இருந்தால் போதாதா? கதைப் புத்தகமும் போட்டித் தேர்வுப் புத்தகமும் வாங்கக் காணிக்கைப் பணத்தைச் செலவழிக்கலாமா?" அவர் சபைக்காக உழைத்தவர், அக்கறையோடுதான் கேட்டார். அவருக்கு மட்டுமல்ல, பணம் கொடுக்கப்போகிற ஒவ்வொருவருக்கும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் கடைசி அதிகாரத்தைப் பாருங்கள். பவுல் சிறையில் இருக்கிறார், தன் முடிவு நெருங்கிவிட்டது என்று அவருக்குத் தெரியும். மாரிகாலத்துக்கு முன் வந்துவிடு என்கிறார். துரோவாவில் கார்ப்பு என்பவரிடம் விட்டுவந்த மேலங்கியை எடுத்துவரச் சொல்கிறார், கூடவே புஸ்தகங்களையும், விசேஷமாகத் தோற்சுருள்களையும். அவை என்ன புஸ்தகங்கள் என்று அந்த வசனத்தில் இல்லை. எனக்கு அதில் பிடித்தது, குளிருக்குப் போர்த்துவதையும் படிக்கிறதையும் அவர் ஒரே மூச்சில் கேட்டதுதான். சாகப்போகிற நேரத்தில் புஸ்தகம் எதற்கு என்று அவர் நினைக்கவில்லை. துரோவாவிலிருந்து ரோமாபுரி வரை அந்தப் பாரத்தை ஒருவர் சுமந்து வர வேண்டும் என்று தெரிந்தே கேட்டிருக்கிறார்.

தானியேலைப் பற்றி நாம் ஓய்வுநாள் பள்ளியில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். ராஜாவின் போஜனத்தால் தன்னைத் தீட்டுப்படுத்துவதில்லை என்று தீர்மானித்த வாலிபன். அதே அதிகாரத்தில் இன்னொன்றும் இருக்கிறது. கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் அவனுக்குக் கற்பிக்க வேண்டும் என்பதும் ராஜாவின் கட்டளைதான். போஜனத்தை மறுத்தவன் படிப்பை மறுக்கவில்லை. அந்நிய தேசத்துப் பாடங்களைப் படித்தான், முதலாவதாகத் தேறினான், எருசலேமை நோக்கி ஜன்னலைத் திறந்து ஜெபிப்பதையும் விடவில்லை. பாடப்புத்தகத்தில் வேதத்தோடு ஒத்துப்போகாத ஏதாவது வந்துவிட்டால் பயந்துபோகிற என்னைப் போன்ற பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய தைரியம்! பவுலும் அத்தேனே பட்டணத்தில் பேசும்போது கிரேக்கப் புலவர்களின் வரியை எடுத்துச் சொல்கிறார். தெரியாத வரியை யாராலும் எடுத்துச் சொல்ல முடியாது.

எபேசுவில் விசுவாசிகள் புஸ்தகங்களைச் சுட்டெரித்தார்களே என்றும் கூட்டத்தில் கேட்டார்கள். ஆமாம், ஐம்பதாயிரம் வெள்ளிக்காசு பெறுமானமுள்ள புஸ்தகங்கள். ஆனால் அவை மாயவித்தைப் புஸ்தகங்கள். அவற்றை வைத்துத் தொழில் செய்தவர்கள், மனந்திரும்பித் தாங்களே கொண்டுவந்து எரித்தார்கள். அடுத்தவன் வீட்டு அலமாரியை யாரும் சோதனை போடவில்லை. நம் நூலகத்திலும் எல்லாவற்றையும் வைக்கப்போவதில்லை. புத்தகங்களைத் தேர்ந்தெடுக்க நம் போதகரான சேகர குரு ஐயாவும் இரண்டு ஆசிரியர்களும் இருக்கிறார்கள். கண்டதையும் வைக்கமாட்டோம், பயந்துகொண்டு நல்லதை ஒதுக்கவும் மாட்டோம்.

நம் முன்னோர்களும் இப்படித்தான் செய்தார்கள். ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு 1706ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். இரண்டே வருஷத்தில், 1708ல், தான் சேகரித்த தமிழ்ச் சுவடிகளுக்கு ஒரு பட்டியல் எழுதினார். நூற்றுக்கும் மேற்பட்ட நூல்கள், பெரும்பாலும் கிறிஸ்தவர்கள் எழுதாதவை, திருக்குறளும் அதில் உண்டு. சுவிசேஷம் சொல்ல வந்தவர் முதலில் இந்த மக்கள் என்ன படிக்கிறார்கள் என்று உட்கார்ந்து படித்தார். அப்புறம்தான் 1715ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. அதற்கு அச்சு இயந்திரம் லண்டனிலிருந்தும், தமிழ் எழுத்துகள் ஜெர்மனியின் ஹாலே நகரத்திலிருந்தும் வந்தன. வந்த எழுத்துகள் பெரிதாக இருந்ததால் தாள் அதிகம் செலவானது. இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள், பொறையாறில் காகித ஆலையும் வைத்தார்கள். இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது? தமிழ்நாட்டைக் கண்ணால் பார்த்திராத, தமிழில் ஒரு எழுத்தும் தெரியாத விசுவாசிகள் அங்கே கொடுத்த நன்கொடையிலிருந்து. நம் வீட்டு வேதாகமத்துக்குப் பின்னால் ஒரு நன்கொடை வேண்டுகோள் இருக்கிறது என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

நம் பக்கத்துச் சாயர்புரத்தையும் சொல்ல வேண்டும். அங்கே ஊழியம் செய்த ஜி.யு. போப் ஐயர்தான் பிற்காலத்தில் திருக்குறளையும் (1886) திருவாசகத்தையும் (1900) ஆங்கிலத்தில் கொடுத்தார். அதே சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்த எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 1858ல் ஞானஸ்நானம் பெற்றார். ஜான் பனியன் என்ற ஆங்கிலேயர் எழுதிய மோட்சப் பிரயாணம் 1678ல் வெளிவந்தது. அதைத் தழுவி கிருஷ்ணபிள்ளை 1894ல் இரட்சணிய யாத்திரிகம் என்ற காவியத்தைக் கொடுத்தார். வைணவக் குடும்பத்தில் பிறந்து தமிழ் இலக்கியத்தில் ஊறியிருந்ததால்தான் அவரால் அப்படிப் பாட முடிந்தது என்பது என் எண்ணம்.

என் சொந்த அனுபவம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பிளஸ் டூ படிக்கும்போது நம் நூலகத்தில் திருவிதாங்கூர் தோள்சீலைப் போராட்டம் பற்றிய ஒரு பழைய புத்தகத்தை எடுத்தேன். மார்பை மறைக்க உரிமை கேட்ட பெண்களைத் தெருவில் அடித்ததையும், உடையைக் கிழித்ததையும், 1859ல் ராஜாவின் உத்தரவு வந்ததையும் அதில்தான் முதன்முதலில் முழுவதுமாகப் படித்தேன். கிறிஸ்தவர்களாகிவிட்ட பிறகும் நாம் நமக்குள் சாதி பார்த்ததைப் பற்றியும் அந்தப் புத்தகம் மறைக்காமல் பேசியது. படிக்கக் கஷ்டமாக இருந்தது. அந்தப் பக்கத்து ஓரத்தில் யாரோ பென்சிலால் 'மீகா 6:8' என்று மட்டும் எழுதியிருந்தார்கள். நியாயம் செய்து, இரக்கத்தைச் சிநேகித்து, தேவனுக்கு முன்பாக மனத்தாழ்மையாய் நடப்பதைக் கேட்கிற வசனம். எனக்கு முன்னால் அதே பெஞ்சில் உட்கார்ந்து, அதே பக்கத்தில் நின்று, வேதத்தைத் தேடிப்போன ஒருவர் இருந்திருக்கிறார்! அந்த வசனம் எனக்கு மனப்பாடம்தான், போட்டியில் சொல்லிப் பரிசும் வாங்கியிருக்கிறேன். அதன் பாரம் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. வரலாறு படிக்க வேண்டும் என்று நான் முடிவு செய்ததும் அந்தப் புத்தகத்தால்தான். மூன்றாவது தட்டில் இருந்ததால் அது வெள்ளத்துக்குத் தப்பியது. அட்டை மட்டும் கழன்றிருக்கிறது.

அரசு நூலகம் இருக்கிறதே என்பதும் நியாயமான கேள்விதான். நம் மாநிலத்தில் 1948லேயே நூலகச் சட்டம் வந்துவிட்டது, வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம், அதை நாம் எல்லோரும் பயன்படுத்த வேண்டும். ஆனால் கிளை நூலகத்துக்கு பஸ் ஏறிப் போக வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்து, வீட்டு வேலையை முடித்துவிட்டு, பொழுது சாயும் நேரத்தில் ஒரு பெண்பிள்ளையால் அங்கே போய்வர முடியாது. ஆலயத்துப் பக்கத்து அறைக்கு எந்த வீட்டிலும் தைரியமாக அனுப்புவார்கள். இப்போது போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் ஆலய வராந்தா லைட் வெளிச்சத்தில் படிக்கட்டில் உட்கார்ந்து படிக்கிறார்கள். அந்த அறை எந்த மதத்துப் பிள்ளைக்கும் திறந்தே இருந்தது, இனியும் இருக்கும்.

சரி, வேலைக்கும் செலவுக்கும் வருகிறேன். அறையின் தரையை இரண்டு அடி உயர்த்தி, கதவும் ஜன்னலும் மாற்ற 90,000 ரூபாய் ஆகும் என்று கொத்தனார் கணக்குக் கொடுத்திருக்கிறார். பழைய மர அலமாரிகள் ஊறி உப்பிவிட்டதால் எட்டு இரும்பு ரேக்குகள் வாங்க வேண்டும், ஒன்று 9,000 வீதம் 72,000 ரூபாய். இந்த முறை எந்த ரேக்கிலும் கடைசித் தட்டில் புத்தகம் வைக்கப்போவதில்லை. மேஜை, நாற்காலி, ஃபேன், லைட்டுக்கு 38,000 ரூபாய். இருநூறு புத்தகங்களுக்கு பைண்டிங், ஒன்றுக்கு 200 வீதம் 40,000 ரூபாய். புதிய புத்தகங்களுக்கு 40,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறோம், அதில் பாதி சிறுபிள்ளைகளுக்கு. மொத்தம் 2,80,000 ரூபாய். ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்திலும் வாலிபர் ஐக்கியத்தின் மூலமும் 96,000 ரூபாய் கையில் இருக்கிறது. இன்னும் தேவை 1,84,000 ரூபாய்.

இருநூறு ரூபாய் கொடுத்தால் ஒரு பழைய புத்தகம் மறுபடி அலமாரிக்குப் போகும். முடிந்தவர்கள் ஒரு ரேக்கின் செலவை ஏற்றுக்கொள்ளலாம், இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்தும் ஏற்கலாம். கல்வெட்டு வைப்பதில்லை என்று குழு தீர்மானித்திருக்கிறது. அதற்குப் பதிலாக, தாய் தகப்பன் நினைவாகவோ மரித்த பிள்ளைகள் நினைவாகவோ கொடுக்கிறவர்களுக்கு, புத்தகத்தின் உள் அட்டையில் அந்தப் பெயரை அச்சிட்டு ஒட்டுவோம். பெயர் வேண்டாம் என்றால் ரசீதில் 'ஒரு விசுவாசி' என்று போட்டுக்கொள்ளலாம்.

புத்தகமாகக் கொடுக்க விரும்புகிறவர்களிடம் ஒரு விண்ணப்பம். பழைய கைடு, சிலபஸ் மாறிப்போன பாடப்புத்தகம், வார இதழ்க் கட்டு வேண்டாம், வைக்க இடமில்லை. சிறுவர் கதைகள், அகராதிகள், தமிழ் இலக்கியம், வரலாறு, அறிவியல், வேத ஆராய்ச்சி நூல்கள் எதுவானாலும் சந்தோஷமாக வாங்கிக்கொள்வோம். உங்கள் தாத்தா வீட்டுப் பரணில் பழைய பாமாலையோ சபைச் சரித்திரமோ இருந்தால் எடைக்குப் போடுவதற்கு முன் எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

2 இராஜாக்கள் 22ல், யோசியா ராஜாவின் நாளில் ஆலயத்தைப் பழுதுபார்க்க ஜனங்களிடம் பணம் சேர்க்கிறார்கள். தச்சருக்கும் கொத்தருக்கும் அதைக் கொடுக்கிறார்கள். அந்த வேலை நடக்கும்போதுதான் நியாயப்பிரமாண புஸ்தகம் கண்டெடுக்கப்படுகிறது. வேலைக்காரர்கள் உண்மையாய் நடந்ததால் அவர்களிடம் கணக்குக் கேட்கவில்லை என்றும் அங்கே எழுதியிருக்கிறது. நாங்கள் அப்படி விடப்போவதில்லை. வரவு செலவை மாதம் ஒருமுறை எழுதி ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம், பில்களை யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம்.

உள்ளூரில் இருப்பவர்கள் ஆலயத்தில் வைத்திருக்கும் நூலகக் காணிக்கைக் கவரில் பெயர் எழுதிப் போடுங்கள், அல்லது ஆராதனை முடிந்ததும் பொருளாளரிடம் கொடுங்கள். சென்னை, மும்பை, வளைகுடா நாடுகளில் இருப்பவர்கள் இங்குள்ள குடும்பத்தார் மூலம் அனுப்பலாம், சபையின் வங்கிக் கணக்கு விவரத்தைச் சேகர குரு அலுவலகத்தில் கேட்டுப் பெறலாம். தரை வேலையை மழைக்கு முன்பே முடித்தாக வேண்டும், ஆகவே கொடுக்க நினைப்பதைச் சீக்கிரம் கொடுத்தால் பெரிய உதவியாக இருக்கும். முத்திரை போட்ட ரசீது இல்லாமல் யாரிடமும் பணம் கொடுக்க வேண்டாம். கை உதவி செய்ய நேரமுள்ள வாலிபர்கள் சனிக்கிழமை காலை பள்ளிக்கூட மாடிக்கு வாருங்கள். சாக்குகளைப் பிரித்து, பைண்டிங்குக்குப் போக வேண்டிய புத்தகங்களைத் தனியே எடுத்து, புதிய பதிவேட்டில் எழுதும் வேலை தொடங்கிவிட்டது.

நூலகக் குழுவுக்காக,
குழுவின் மாணவ உறுப்பினர்