பெல்ட்டில் பிழை இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு உங்கள் வாரமலரில் வந்த இசைக் கட்டுரையில், ஒருவர் பாடிப் பெயர்பெற்ற பாட்டை இன்னொருவர் எடுத்துப் பாடுவதெல்லாம் வெறும் நகல் என்று எழுதியிருந்தார்கள். நான் பாடகன் அல்லன், எழுத்தாளனும் அல்லன். மட்டக்களப்பு நகரில் முப்பத்தைந்து வருடம் ரேடியோவும் கசெட் ரெக்கோடரும் திருத்தியவன். இருந்தாலும் அந்த ஒரு சொல்லுக்காக இதை எழுதுகிறேன்.

1982 இல் எனக்குப் பத்தொன்பது வயது. கடையில் வேலை பழகிக்கொண்டிருந்தேன். போர்த்துக்கேய, ஒல்லாந்தர் வழிவந்த எங்கள் ஊர்ப் பறங்கியர் ஒருவர் தமது ரெக்கோடரைக் கொண்டுவந்து வைத்தார். தச்சுவேலை செய்பவர், தங்கள் ஆட்களின் கல்யாண வீடுகளில் வயலின் வாசிப்பவர். மூடி சரியாகப் பூட்டவில்லை, அவ்வளவுதான் குறை. அதைச் சரிசெய்துவிட்டு, உள்ளே கிடந்த கசெட்டை ஓடவிட்டுப் பார்த்தேன். இங்கிலாந்தின் பீற்றில்ஸ் இசைக்குழுவின் 'வித் எ லிட்டில் ஹெல்ப் ஃப்ரம் மை ஃப்ரெண்ட்ஸ்'. வானொலியில் கேட்டுப் பழகிய பாட்டு. ஆனால் இதுவோ ஆமை வேகத்தில் ஊர்ந்தது. மோட்டாரோடு சேர்ந்து நாடாவை ஓடவைக்கும் ரப்பர் பெல்ட் தளர்ந்துவிட்டது என்று முடிவுகட்டி, கேட்காமலே புது பெல்ட் மாட்டினேன். மறுபடியும் அதே வேகம்.

வேலை தெரிந்தவன் அப்படி ஏமாந்திருக்கக் கூடாது. பெல்ட் தளர்ந்தால் வேகத்தோடு சுருதியும் இறங்கும். குரல் குடிகாரன் பேச்சுப்போல இழுபடும். இங்கே சுருதி அசையவே இல்லை. அவர் சிரித்துக்கொண்டே, "பெல்ட்டில் பிழை இல்லை தம்பி, பாடுகிறவனே அப்படித்தான் பாடுகிறான்" என்றார். பிறகு கடை மேசையில் விரலால் தட்டிக் காட்டினார்: ஒன்று இரண்டு மூன்று, நாலு ஐந்து ஆறு. "இது எங்கள் கபிரிஞ்ஞாவின் ஆறு. வெள்ளைக்காரன் அதை நித்திரைத் தூக்கத்தில் வாசிக்கிறான்." கபிரிஞ்ஞா என்பது பறங்கியர் கல்யாண வீடுகளில் ஆடும் ஆட்டம்; அதன் தாளம் ஆறு ஆறாக நடக்கும்.

பாடியவர் ஜோ கொக்கர். இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரத்துக்காரர்; எரிவாயுக் குழாய் பொருத்தும் வேலை பழகியவர். பாட்டை எழுதியவர்கள் லெனனும் மக்கார்ட்னியும். 1967 இல் தங்கள் குழுவின் டிரம் வாசிப்பாளர் றிங்கோ ஸ்டாருக்காக, அவர் குரல் எட்டும் எல்லைக்குள் மெட்டைச் சுருக்கி எழுதினார்கள். இரண்டே முக்கால் நிமிடம், நான்கு நான்காக நடக்கும் தாளம். றிங்கோ ஒரு வரி பாட, மற்றவர்கள் கேலி கலந்த குரலில் கேள்வி கேட்பார்கள். தெரு முனையில் நின்று கூட்டாளியைச் சீண்டும் பையன்களின் பாட்டு அது.

மறு வருடமே கொக்கர் அந்த நாலை உடைத்து ஆறாக்கினார். பாட்டு ஐந்து நிமிடத்துக்கு மேல் நீண்டது. கேள்வி கேட்டவர்கள் இப்போது பெண்கள். குரலில் கேலி போய், தேவாலயப் பாடகர் குழுவின் கனம் வந்துவிட்டது. றிங்கோ பாடும்போது நண்பர்கள் பக்கத்தில் நிற்கிறார்கள் என்று தெரியும். கொக்கர் பாடும்போது யாராவது வருவார்களா என்ற சந்தேகம் எனக்கு ஒவ்வொரு தடவையும் வரும். சொற்கள் ஏறக்குறைய அதேதான். 1968 நவம்பரில் பிரித்தானியத் தரவரிசையில் அது முதலிடம் பிடித்தது. இதற்கு நகல் என்று பெயரா?

நம்முடைய ஊர்களில் ஒரே கூத்துக் கொப்பியை வைத்துக்கொண்டு, கூத்துப் பழக்கும் ஆசான்களான அண்ணாவிமார் இருவர் இரண்டு விதமாகப் பழக்குவார்கள். விடிய விடிய இருந்து பார்க்கிறவர்கள் எந்த ஊர் ஆட்டம் திறம் என்று சண்டை பிடிப்பார்களே தவிர, எவரும் நகல் என்று சொல்லிக் கேட்டதில்லை.

இரண்டு மாதத்துக்கு முன் ஆரையம்பதியில் ஒரு கல்யாண மண்டபத்தில் என் மருமகனின் இசைக்குழு இதே பாட்டை, கொக்கர் வழியில், எடுத்தது. சோறு பரிமாறும் நேரம். கொக்கர் பிற்பகுதியில் போடுவாரே ஓர் அலறல், அதை அவன் அடித்தொண்டையிலிருந்து எடுத்ததும் முன்வரிசையில் இருந்த ஆச்சி ஒருவர் ஸ்பீக்கர் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார், அது கிழிந்துவிட்டதோ என்று. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் மேடையருகே போய், "மகன், செத்த வீடு மாதிரி இருக்கிறது, கொஞ்சம் விரைவாகப் போடுங்கள்" என்றார். மருமகன் டிரம் வாசிக்கும் பையனைப் பார்த்துத் தலையசைத்தான். அதே ஆறு, இரண்டு மடங்கு வேகத்தில். அரை நிமிடத்தில், நம் கல்யாண வீடுகளில் ஆடும் துள்ளல் பைலா ஆகிவிட்டது. கையில் சோறு ஒட்டியிருக்க நாலு பேர் எழுந்து ஆடினார்கள். முதல் ஆளாக ஆடியவர் அந்தப் பெரியவர்தான்.

மறுநாள் மாலை, வழக்கம்போல நாங்கள் நால்வரும் கல்லடிப் பழைய பாலத்தடியில் கூடியபோது பேச்சு முழுக்க இதுதான். ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், றிங்கோவின் பக்கம்: நல்ல பாட்டை ஒருவன் அழவைத்தான், இன்னொருவன் ஆடவைத்தான், அது பாட்டுக்குச் செய்த அநியாயம் என்றார். தபாலகத்தில் வேலை பார்த்த நண்பர் கொக்கருக்காகக் கத்தினார். மற்றவர் கடலை கொறித்தபடி, அந்தப் பையன் எடுத்தது மூன்றாவது பாட்டு, அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை என்றார். எனக்கு அவர் சொன்னதில்தான் உடன்பாடு. தாளம் மாறிய பிறகு அது வேறு பாட்டு.

அதற்காக எல்லா மறுபாடலுக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. மூச்சு விடும் இடம் உட்பட அப்படியே ஒப்பித்துவிட்டு மாலை வாங்கிக்கொள்கிறவர்கள் எங்கும் இருக்கிறார்கள். அதற்கு நகல் என்ற சொல் பொருந்தும். எழுதியவர் பெயரைச் சொல்லாமல் பாடுவதும் பிழைதான். அந்தக் கல்யாணத்தில் அறிவிப்பாளர் எவர் பெயரையும் சொல்லவில்லை. மருமகனிடம் அதற்காகக் கோபித்தேன்.

கட்டுரை எழுதியவர் இந்தப் பக்கம் வந்தால் என் வீட்டுக்கு வரட்டும். பறங்கி ஐயா அன்றைக்கு எனக்குப் பதிவுசெய்து தந்த பிரதி இன்னும் ஓடுகிறது. பெல்ட் மட்டும் நாலு தடவை மாற்றியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ரேடியோ திருத்தி ஓய்ந்த வாசகன்,
கல்லடி, மட்டக்களப்பு.