டொபீகாவில் 296 படிகள்

உன் பெயரை இங்கே எழுதவில்லை. நம் இரண்டு பேரையும் தெரிந்தவர்கள் இதைப் படிப்பார்கள். அவர்களுக்குப் பெயர் தேவைப்படாது, உனக்கும் தேவைப்படாது.

போன வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு மிசௌரி மாநிலத் தலைநகரான ஜெபர்சன் சிட்டிக்குப் போய்வந்தேன். தனியாகத்தான். 2015-ல் கன்சாஸ் தலைநகர் டொபீகாவை முடித்துவிட்டு நாம் போயிருக்க வேண்டிய ஊர். பத்து வருஷமாக அந்தப் பக்கம் காரைத் திருப்பாமலே இருந்தேன். உன்னுடைய பொருள் ஒன்று என்னிடம் இருக்கிறது. இந்த ஜூலையிலாவது அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

உன் அப்பாவின் லிஸ்ட். நீ தொலைந்துவிட்டது என்று நினைத்திருப்பாய். தொலையவில்லை, காரின் டேஷ்போர்டு பெட்டிக்குள் இன்ஷூரன்ஸ் காகிதங்களோடு கிடந்தது. காரை விற்றபோது எடுத்து வைத்தேன். முழுநீளத் தாளில் ஐம்பது மாநிலங்கள், எதிரே தலைநகரங்கள், அதற்கும் எதிரே, அந்த ஊர்ச் சட்டமன்றக் கட்டடத்தைப் பார்த்ததும் டிக் போட ஒரு கட்டம். அடிக்குச்சி வைத்துக் கோடு போட்டிருக்கிறார். கோட்டையில் அத்தனை வருஷம் கோப்பு எழுதிய கை அல்லவா? ஓர் எழுத்துக்கூடச் சாயவில்லை.

டிக் மூன்றுதான். மினசோட்டாவின் செயின்ட் பாலில் சாரம் கட்டிப் புதுப்பிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது, வெளியே நின்று பார்த்ததை டிக்காகக் கணக்கில் எடுப்பதா என்று நீயும் அவரும் ஃபோனில் வாதாடினீர்கள். ஐயோவாவின் டெ மாயினில் ஐந்து குவிமாடங்களைப் படம் எடுத்து அனுப்பினாய். நடுவில் இருந்த தங்கத்தகடு வேய்ந்த பெரிய குவிமாடத்தைப் பார்த்துவிட்டு, "கோயில் கலசம் மாதிரி இருக்கே, இதுக்குள்ள சட்டசபையா?" என்றார். எந்த ஊரானாலும் அவருடைய முதல் கேள்வி ஒன்றுதான். "உள்ள விடறாங்களா? பாஸ் கேக்கலையா?" பையைச் சோதித்து உள்ளே விட்டுவிடுகிறார்கள் என்று நீ ஒவ்வொரு முறையும் சொல்வாய். அவரும் ஒவ்வொரு முறையும் ஆச்சரியப்படுவார்.

லிங்கனில் அவருக்குக் குஷி தாங்கவில்லை. நெப்ராஸ்காவில் ஒரே அவைதான், 49 பேர்தான், 1937-லிருந்து மேலவை, கீழவை என்ற பிரிவே கிடையாது என்று நீ சொன்னதும், 1986-ல் நம் ஊரில் மேலவையைக் கலைத்த கதையை ஆரம்பித்துவிட்டார். நமக்கு ராத்திரி எட்டு மணி, அங்கே விடிந்து காப்பி நேரம். ஸ்பீக்கரில் போட்டு, மோட்டல் கட்டிலில் பீட்சா சாப்பிட்டுக்கொண்டே கேட்டோம். நானூறு அடி கோபுரத்தின் உச்சியில் ஏன் விதை தூவுகிற ஆளின் சிலையை வைத்தார்கள் என்று கேட்டார். விவசாயிகளின் மாநிலம் என்பதால் என்றேன். "சரியான ஆளைத்தான் மேல ஏத்தியிருக்காங்க" என்றார். நான் அவர் குரலைக் கேட்டது அதுதான் கடைசி. அதற்குப் பிறகு நீங்கள் இரண்டு பேரும் தனியாகப் பேசியதைப் பற்றி இங்கே எழுதமாட்டேன்.

மறுநாள் காலையில் டொபீகா. உன் ஃபோன் காரில் சார்ஜில் இருந்தது. இரண்டாம் மாடியில், அடிமைமுறையை எதிர்த்துப் போராடிய ஜான் பிரவுனைக் காட்டும் ஓவியத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தோம். ஒரு கையில் பைபிள், ஒரு கையில் துப்பாக்கி, இரண்டு கைகளையும் விரித்து நிற்கிறார், பின்னால் சூறாவளியும் காட்டுத்தீயும். வரைந்த ஜான் ஸ்டூவர்ட் கரி அதில் கையெழுத்துப் போடவில்லை. நடு மண்டபத்துச் சுவரிலிருந்து பளிங்கை எடுத்துவிட்டு அங்கேயும் வரைய நினைத்தவரைச் சட்டமன்றம் விடவில்லை. கோபத்தில் வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டார். இதை நீ எனக்குப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் என் ஃபோன் அடித்தது.

உன் அண்ணன். "அவ பக்கத்துல இருக்காளா? தள்ளிப் போய்ப் பேசு."

அவர் சொன்னது எல்லாவற்றையும் எழுதப் போவதில்லை, அது உங்கள் குடும்பத்து விஷயம். எனக்கு இட்ட கட்டளையை மட்டும் எழுதுகிறேன். டிக்கெட் போட்டுக்கொண்டிருக்கிறேன், கன்சாஸ் சிட்டியிலிருந்து, உறுதியானதும் சொல்கிறேன், அதுவரை மூச்சு விடாதே, அப்புறமும் சீரியஸ் என்று மட்டும் சொல். "ரெண்டு ஃப்ளைட் மாறி ஒத்தையா வரணும்மா அவ."

திரும்பி வந்தேன். நீ குவிமாடத்துக்குப் போகும் வரிசையில் எனக்கும் இடம் பிடித்து வைத்திருந்தாய்.

அங்கேயே உன் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். பத்து வருஷமாக இந்த இடத்தில்தான் நிற்கிறேன். டிக்கெட் உறுதியாக ஒரு மணி நேரமாவது ஆகும், கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து என்ன சொல்லி உன்னைச் சமாளிப்பேன் என்று யோசித்தேன். அது ஒரு காரணம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். படியேறும் வரையிலாவது உனக்கு அப்பா இருக்கட்டும் என்று நினைத்தேன். நல்லது செய்கிறோம் என்றே நினைத்தேன். பயமும் இருந்தது. எது எவ்வளவு என்று பிரிக்க எனக்கு இன்னும் வரவில்லை.

296 படிகள். நீ சத்தமாக எண்ணிக்கொண்டே ஏறினாய். நூற்று நாற்பது வாக்கில் மூச்சு வாங்கியது, கணக்கு விட்டுப்போனது. திரும்பி, "எத்தனைடி?" என்றாய். "நூத்தி நாப்பத்தெட்டு" என்றேன். நான் எண்ணவே இல்லை. நீ என்னை நம்பி அதிலிருந்து எண்ண ஆரம்பித்தாய்.

மேலே அப்படி ஒரு காற்று. உன் துப்பட்டா பறந்து என் முகத்தை மூடியது, நான் அதை உடனே விலக்கவில்லை. அதற்குள் கொஞ்சம் அழுதுகொண்டேன், உனக்குத் தெரியாது. நமக்கு மேலே நட்சத்திரத்தைக் குறிவைத்து வில்லை வளைக்கும் கன்சா பழங்குடி வீரனின் சிலை. கீழிருந்து பார்த்தது அங்கே நின்றால் தெரியவில்லை என்று நீ குறைப்பட்டாய். என் ஃபோனை வாங்கி, படம் எடுக்கச் சொல்லி, என் ஃபோனிலிருந்தே அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாய். "37 வருஷம் கட்டினாங்களாம், அப்பா. உள்ள விட்டாங்க, பாஸ் கேக்கல."

ஒற்றை டிக். "ஃபோனை அணைச்சுட்டுத் தூங்கிட்டார் போல" என்றாய்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.

விமான நிலையத்தில் நீ என் முகத்தைப் பார்த்துக் கேட்டாய். "இருக்காரா, இல்லையா?" இருக்கார் என்றேன். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். படிகளுக்கு இல்லை, அந்த ஒரு வார்த்தைக்கு. துபாயில் இறங்கி வைஃபை கிடைத்ததும் யாரோ போட்ட இரங்கல் செய்தியைப் பார்த்து நீ தெரிந்துகொண்டாய் என்று கேள்விப்பட்டேன். சுற்றிலும் தெரியாத முகங்கள். அந்தக் காட்சியை நான் பார்க்காமலே பலமுறை பார்த்துவிட்டேன்.

ஆனால் நீ ஊரெல்லாம் சொன்னதும் என் காதுக்கு வந்தது. "சிரிக்க வைச்சு போட்டோ எடுத்தா." நான் சிரிக்க வைக்கவில்லை, நீயாகத்தான் சிரித்தாய். சொல்லாதே என்று சொன்ன அண்ணனோடு நீ அடுத்த மாதமே பேச ஆரம்பித்துவிட்டாய். சொன்னபடி கேட்டவளுக்கு மட்டும் பத்து வருஷம். உன் சாமான்களை எடுக்க வேறு ஒருத்தியை அனுப்பினாய். நான் உள்ளே இருப்பது தெரிந்தும் வாசலில் நின்றபடியே வாங்கிக்கொண்டு போனாள். நானும் அவரை அப்பா என்றுதான் கூப்பிட்டேன். என்னை யாராவது துக்கம் கேட்டார்களா?

2019-ல் என் அம்மா போனபோது எனக்கு நேராகச் சொன்னார்கள். நடுராத்திரி, ஃபோனில், ஒரே வாக்கியம். சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். உன்னிடமும் இப்படித்தான் சொல்லியிருக்க வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றியது. விமானத்தில் பதினெட்டு மணி நேரம் உட்கார்ந்து வந்தபோது, யாராவது என்னிடம் பொய் சொல்லியிருக்கக் கூடாதா என்று இருந்தது. நீ அப்போது ஒரு வரிகூட அனுப்பவில்லை. உனக்குத் தெரியாமலும் இருந்திருக்கலாம். தெரியாது என்றே வைத்துக்கொள்கிறேன்.

சரி. ஜெபர்சன் சிட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கட்டடத்துக்குப் பின்னால் மிசௌரி ஆறு, கலங்கல் தண்ணீர். உறுப்பினர்களின் ஓய்வறையில் நாலு சுவரிலும் தாமஸ் ஹார்ட் பென்டன் 1936-ல் வரைந்த ஓவியம் இருக்கிறது. தலைவர்கள் வரிசையாக இருப்பார்கள் என்று நினைத்தேன். ரயில் கொள்ளைக்காரர்களும், மாவு பிசைகிறவளும், குழந்தைக்குத் துணி மாற்றுகிற ஓர் அம்மாவும் இருக்கிறார்கள். அன்றைய உறுப்பினர்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லையாம். அப்பாவுக்குப் பிடித்திருக்கும். அந்த அம்மாவுக்கு முன்னால் நெடுநேரம் நின்றேன்.

டொபீகாவில் மேலே நின்று எடுத்த உன் படத்தை இங்கே போடமாட்டேன். யாருக்கும் காட்டியதும் இல்லை. பிரிண்ட் போட்டு லிஸ்ட்டோடு ஒரே உறையில் வைத்து, அப்பா இருந்த வீட்டு விலாசத்துக்கு அனுப்பியிருக்கிறேன். வேறு விலாசம் என்னிடம் இல்லை. லிஸ்ட்டில் டொபீகாவுக்கு எதிரே உள்ள கட்டத்தைத் தொடவில்லை. அது உன்னுடையது. ஜெபர்சன் சிட்டிக்கு எதிரே மட்டும் ஒரு டிக் போட்டேன். உன்னைக் கேட்காமல்தான் போட்டேன். பென்சிலில் போட்டிருக்கிறேன்.