நாயைத் திட்டும் முன் காற்றைப் பார்

அன்புள்ள தம்பிக்கு,

அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் வேட்டைக்குப் போனபோது, உன் பாயின்டர் நாய் (மோப்பம் கிடைத்ததும் விறைத்து நின்று பறவையைக் காட்டும் இனம்) ஃபெசன்ட் என்கிற காட்டுக்கோழிச் சேவலைத் தாண்டிப் போய்விட்டது, பறவை பின்னாலிருந்து கிளம்பியது என்று எழுதியிருந்தாய். அதற்குள் மூக்கு மந்தம் என்று முடிவுகட்டிவிட்டாய். வண்டியை எங்கே நிறுத்தினாய், காற்று எங்கிருந்து அடித்தது? இந்த இரண்டும் கடிதத்தில் இல்லை. பிழை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

பறவையின் உடல்வாடை காற்றோடு கூம்பாகப் போகிறது. பறவையிடம் குறுகலாக இருக்கும், தள்ளிப் போகப் போக அகலும். அந்தக் கூம்பைக் குறுக்கே வெட்டினால்தான் நாய்க்கு மோப்பம் கிடைக்கும். எதிர்காற்றில் நீ நடந்தால் நாய் இடமும் வலமுமாக ஓடி, ஒவ்வொரு ஓட்டத்திலும் அதை வெட்டும். பின்காற்றிலோ வாடை நாய்க்கு அப்பால் போய்விடும். மிதிக்கும் அளவுக்கு நெருங்கினாலும் தெரியாது. உன் காலடியும் விசிலும் மட்டும் முன்கூட்டியே சேவலின் காதுக்குப் போய்ச் சேரும். பறப்பதைவிட ஓடுவதில் கெட்டிக்காரப் பறவை அது. பழகிய நாய் பின்காற்றில் வெகுதூரம் முன்னே போய், உன்னைப் பார்த்துத் திரும்பித் தேடிக்கொண்டு வரும். அதைக் கூப்பிட்டு அடக்காதே, அது செய்வதுதான் சரி.

ஆகவே சாலை எங்கே இருக்கிறது என்று பார்த்துத் தொடங்காதே. காற்று போய்ச்சேரும் பக்கத்துக்குச் சுற்றிப் போ, அரை மைல் ஆனாலும். வண்டிக் கதவை அறைந்து சாத்தாதே. வானிலை ஆப் காட்டும் திசை பள்ளத்துக்குள் பொருந்தாது. சின்ன பிளாஸ்டிக் குப்பியில் டால்கம் பவுடர் வைத்துக்கொள், ஒரு பிதுக்குப் போதும், தூள் பறப்பதைப் பார்த்தே காற்றின் திசை தெரிந்துவிடும்.

மணிக்கு 5 முதல் 15 மைல் காற்று நல்லது. காற்றே இல்லாத நாளில் வாடை பறவையைச் சுற்றித் தேங்கிவிடும், மெதுவாக, நெருக்கமாகத் தேட வேண்டும். 25 மைலைத் தாண்டினால் கூம்பு கிழிந்துபோகும். அந்த இரைச்சலில் பறவைகளுக்கும் எதுவும் கேட்காது. பதறி, துப்பாக்கி எட்டாத தூரத்திலேயே கிளம்பும். அன்று திறந்த புல்வெளியை விட்டுவிட்டு, மேட்டின் மறைவுச் சரிவிலும் சம்பங்கோரையிலும் தேடு.

1934இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் தெற்கு டகோட்டாவை உள்ளடக்கிய சமவெளியெங்கும் காற்றுத்தடுப்பு மரவரிசைகள் நட்டார்கள். அத்தகைய வரிசைகளின் மறைவில் காற்று சுழலும். நாய் வெற்றிடத்தைப் பார்த்து விறைத்து நிற்கும், சந்தேகத்தோடு வாலை ஆட்டும். பொய் சொல்கிறது என்று எண்ணாதே. சுழலுக்கு வெளியே கொண்டுபோய் மறுபடி விடு.

அங்கே ஃபெசன்ட் வேட்டை சீசன் அக்டோபர் மூன்றாம் சனிக்கிழமை திறக்கும்போது சில வருஷம் நல்ல வெயில் இருக்கும். இரைக்கிற நாய் வாயால் மூச்சுவிடும், மோப்பம் குறையும். கால் மணிக்கொரு முறை தண்ணீர் கொடு, மூக்கையும் நனை. எச்சில் கெட்டியாகி நடை தள்ளாடினால் வேட்டையை அத்தோடு நிறுத்து: நிழல், உடம்பெங்கும் குளிர்ந்த தண்ணீர், நேரே கால்நடை மருத்துவர்.

காய்ந்த காற்றில் வாடை நிற்காது. மண் ஈரமாக இருந்தால் நிற்கும், கொட்டும் மழையில் கரைந்துவிடும். மழை விட்ட ஒரு மணி நேரம் அருமையான நேரம். இறுகிய உறைபனியில் வாடை எழும்பாது, வெயில் பட்டு இளகும்போதுதான் எழும்பும். பனிப்புயலுக்கு மறுநாள் பறவைகள் சம்பங்கோரைக்குள் அசையாமல் ஒடுங்கிக் கிடக்கும்; நாய் நிதானமாக வேலை செய்யலாம். விரலிடுக்கில் சேரும் பனிக்கட்டியை அவ்வப்போது எடுத்துவிடு. சதுப்பின் மேல் உறைந்த பனியை நம்பி நாயை விடாதே.

சுட்ட சேவல் விழுந்தால் ஓடிப் போய்த் துழாவாதே. விழுந்த இடத்துக்கு நேராக ஒரு செடியைக் கண்ணில் குறித்துக்கொண்டு, காற்று போகும் பக்கமாகச் சுற்றி வந்து அங்கிருந்து நாயை அனுப்பு. அடிபட்டு ஓடுகிற சேவலுக்கு இது இன்னும் முக்கியம். முதலில் நீ மிதித்துவிட்டால் அங்கே உன் வாடைதான் இருக்கும்.

அன்புடன்,
அண்ணன்